கீபோர்டுக்குள் குரல்

காதுகுத்து, வளைகாப்பு, சின்ன வரவேற்பு, ஞாயிறு ஆராதனை. முழு மெல்லிசைக் குழுவை அழைக்க இடமோ பணமோ இல்லாத இடங்களில் இன்று ஒரே ஆள் வாசிக்கிறார், அவரே பாடுகிறார். இடது கை கார்டைப் பிடித்தால் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் பின்னாலேயே வந்துவிடும் அரேஞ்சர் கீபோர்டு இந்த வேலைக்கென்றே பிறந்தது. மைக்கையும் அதிலேயே செருகிவிட்டால் தனி மிக்ஸர் வேண்டாம், தனி எக்கோ பெட்டி வேண்டாம். ஆனால் செருகிய கையோடு எஃபெக்ட் பட்டியலைத் திறந்து, பெயரைப் பார்த்து ஒன்றைத் தட்டிவிட்டு மேடையேறுகிறவர்களே அதிகம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் வேறொரு எஃபெக்டைத் தட்டுகிறார்கள். கிணறு மாறுகிறது, அவ்வளவுதான்.

எஃபெக்ட் எதுவும் போடாத வெறும் குரல் முதலில் தெளிவாகக் கேட்க வேண்டும். அதுவரை ரிவெர்ப், ஹார்மனி இரண்டும் அணைந்தே இருக்கட்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையில்தான் போகப்போகிறது.

எடுத்துக்காட்டுக்கு 2019-ல் வந்த யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 மாடலை வைத்துக்கொள்கிறேன். அதோடு சேர்ந்து வந்த எஸ்எக்ஸ்700-ல் மைக் துளை உண்டு, வோக்கல் ஹார்மனி கிடையாது. எஸ்எக்ஸ்600-ல் மைக் துளையே கிடையாது. ஜெனோஸ் வரிசையில் ஸ்டுடியோ மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் கிடைக்கும். கோர்க் பிஏ1000-ல் குரல் வேலையை டிசி-ஹெலிகான் தயாரிப்பு பார்த்துக்கொள்கிறது. பட்டன்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலை செய்யும் வரிசை மாறாது. வாங்கப் போகிறவர்கள் மட்டும் கடைக்காரர் "மைக் போடலாம் சார்" என்று சொன்னால், எந்தத் துளையில் என்று கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மைக்கும் வயரும்

எஸ்எக்ஸ்900-க்கு டைனமிக் மைக் போதும், அதுதான் பொருந்தவும் செய்யும். 1966-லிருந்து மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். கீழே விழுந்தாலும் பிழைக்கும், மின்சாரம் கேட்காது, 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை வாங்கிக்கொள்ளும். கண்டென்ஸர் மைக் இன்னும் நுணுக்கமாகக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு 48 வோல்ட் வேண்டும், எஸ்எக்ஸ்900-ன் மைக் துளை அதைத் தராது. தந்தாலும் கல்யாண மண்டபத்தில் அந்த நுணுக்கம் பந்தியில் தட்டு வைக்கும் சத்தத்தையும் சேர்த்து வாங்கும்.

வயரின் மைக் பக்கம் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர், கீபோர்டு பக்கம் கால் அங்குல ஃபோன் பின். இந்தப் பின்னில் இரண்டு வகை இருக்கிறது. ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ பின். எஸ்எக்ஸ்900-க்கு ஒரு வளையம் உள்ளதை வாங்குங்கள். இந்த வகை வயர் நீளம் கூடக்கூட இரைச்சலை இழுக்கும். பாடுகிறவர் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஐந்து மீட்டர் தாராளம்.

மைக் துளை இல்லாத கீபோர்டில் ஆக்ஸ் துளையில் மைக்கைச் செருகிப் பார்க்கிறவர்கள் உண்டு. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பது மொபைலோ பிளேயரோ தரும் சிக்னலை, அது அதைவிட நூறு மடங்குக்கு மேல். அதனால் குரல் கொசு பாடுவதுபோல வரும். இரண்டு வளையப் பின்னாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: ஒரே குரல் இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் போகும். ஹெட்ஃபோனில் ஏதோ கேட்கும், இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் மண்டபத்து ஸ்பீக்கரில் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு காணாமலே போகும். சின்ன மிக்ஸர் ஒன்றில் மைக்கைப் போட்டு, மிக்ஸரின் வெளிவாயிலை ஆக்ஸுக்குக் கொடுப்பதுதான் அங்கே வழி. ஆனால் ஆக்ஸ் வழியாக வரும் குரலுக்குக் கீபோர்டின் ஹார்மனி கிடைக்காது.

வயர்லெஸ் மைக் என்றால் ரிசீவரிலிருந்து வரும் சிக்னல் சாதாரண மைக்கைவிடப் பலமாக இருக்கலாம். ரிசீவரின் வால்யூமைக் குறைத்துவைத்துத் தொடங்குங்கள்.

கெய்ன்

கீபோர்டை அணைத்த நிலையில் கெய்ன் திருகை முழுக்கக் குறையுங்கள். மைக்கைச் செருகுங்கள், மைக்-கிட்டார் சுவிட்ச் மைக் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பவர் போடுங்கள். கிட்டார் பக்கம் விட்டுவிட்டு மைக் கெட்டுப்போனது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பாடிக்கொண்டே கெய்னை ஏற்ற வேண்டும். இங்கேதான் எல்லாரும் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்கிறோம். கெய்ன் பார்க்க அது உதவாது. பேசும் குரலுக்கும் சரணத்தின் உச்சத்தில் எடுக்கும் குரலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அன்றைய பாட்டுகளில் எது மேலே போகிறதோ, அதன் மிக உயர்ந்த வரியை, கூட்டம் நிறைந்திருந்தால் எப்படிப் பாடுவீர்களோ அதே பலத்தில், மைக்கைத் தொட்டும் தொடாமலும் நின்று பாடுங்கள். மைக் விளக்கு பச்சையாக எரிந்தால் சிக்னல் வருகிறது. சிவப்பு வந்தால் கூடிவிட்டது, திருகைக் கொஞ்சம் இறக்குங்கள். சிவப்பில் நசுங்கிய குரலைப் பிறகு எந்த மெனுவாலும் மீட்க முடியாது. நசுங்கியது உள்ளே வரும் வாசலிலேயே என்பதால் வால்யூமைக் குறைத்தால் நசுங்கிய குரலே சின்னதாகக் கேட்கும்.

கெய்னும் மைக் வால்யூமும் வெவ்வேறு என்பதை மனத்தில் வைக்க வேண்டும். கெய்ன் எவ்வளவு குரலை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. ரிதமோடு ஒப்பிட்டுக் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மிக்ஸர் திரையில் உள்ள மைக் வால்யூம் பார்த்துக்கொள்ளும். நிகழ்ச்சி நடக்கும்போது தொட வேண்டியது இரண்டாவதை மட்டும்.

கூவும் மைக்

மைக் கூவுவதற்கு ஒரே காரணம்தான். ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் மறுபடி மைக்குக்குள் போய், போனதைவிடக் குறையாமல் திரும்பி வருகிறது. அந்தச் சுழலை உடைக்க மூன்று வழிகள்: வாயை மைக்குக்கு அருகில் கொண்டுபோவது, ஸ்பீக்கரை மைக்கிலிருந்து விலக்குவது, சத்தத்தைக் குறைப்பது. முதல் வழி இலவசம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. கூடிய அளவுக்குக் கெய்னை இறக்கலாம். ஒரு சாண் தள்ளி நின்று பாடுகிறவர் இரண்டு விரல் தூரத்துக்கு வந்தாலே பாதிக் கூவல் நின்றுவிடும்.

வாசித்துக்கொண்டு பாடுகிறவருக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. கை இரண்டும் கட்டைகளில், கண் திரையில், பாட்டு வரி ஒரு பக்கத்தில். ஸ்டைலை மாற்றத் தலை குனிந்தால் குரல் மைக்கை விட்டு நழுவும். அதனால் நேர் ஸ்டாண்டுக்குப் பதிலாக, நீட்டு கை உள்ள பூம் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, திரையைப் பார்க்கும் முகத்துக்கு நேராக மைக் வருகிற மாதிரி வளைத்து வையுங்கள். உங்கள் முகம் இயல்பாக எங்கே பார்க்குமோ அங்கே மைக் வரட்டும். மைக்குக்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று மணி நேரம் பாட முடியாது.

மானிட்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது மைக்கின் வகையைப் பொறுத்தது. எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் நேர் பின்பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும், ஆகவே மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேராக இருக்கட்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி பின்பக்கத்தின் இரு ஓரங்களில் இருக்கிறது, மானிட்டரைச் சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இரண்டு வகைக்கும் கேடு. பின்பக்கத் துவாரங்கள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கத் தொடங்கும். ராப் பாடகர்கள் பிடிக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் சவுண்ட் என்ஜினியரிடம் போய்க் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

வெளி ஸ்பீக்கருக்கு இணைத்ததும் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். அது உங்கள் மைக்குக்கு நேர் கீழே இருக்கிறது.

மைக் செட்டிங்கில் மூன்று

மைக் செட்டிங் பக்கத்தில் நாய்ஸ் கேட், கம்ப்ரெஸ்ஸர், ஈக்யூ இருக்கும்.

நாய்ஸ் கேட் என்பது பாடாதபோது மைக்கை மூடிவைப்பது. வாசலின் அளவை அதிகமாக வைத்தால் மெல்லிய ஒலிகளும் வெளியே நின்றுவிடும். தமிழில் இது சட்டென்று காட்டிக்கொடுக்கும். வானம், மனம், உயிர்மூச்சும் என்று வாயை மூடி முடியும் சொற்கள் நம் பாட்டில் ஏராளம், அந்த 'ம்' மெதுவாக அடங்குவதற்குள் கேட் அறுத்துவிடும். அறுகிறதா என்று பார்க்க அப்படி ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில் இழுத்துப் பாருங்கள். அறுந்தால் அளவைக் குறையுங்கள், குறைத்தும் போதாவிட்டால் கேட்டை அணைத்துவிடுங்கள். கொஞ்சம் இரைச்சல் பாட்டைக் கெடுக்காது.

கம்ப்ரெஸ்ஸர் பலமான இடத்தை அமுக்கி, மெல்லிய இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. ரிதத்துக்கு மேல் குரல் நிலையாக நிற்க இது உதவும். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் போதும். மெல்லியதைத் தூக்கும்போது ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் சத்தத்தையும் சேர்த்தே தூக்குகிறது என்பதால், ஒழுங்காக இருந்த மைக் கம்ப்ரெஸ்ஸர் போட்டதும் கூவினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஈக்யூவில் முதலில் குறைக்கப் பாருங்கள், கூட்டுவது பிறகு. மைக்குக்கு மிக அருகில் பாடும்போது கீழ் ஒலிகள் தானாகவே பருத்துவிடும், ஆண் குரல் என்றால் இன்னும். கீழ்ப்பட்டையைச் சற்று இறக்கினால் அந்தக் கொழகொழப்பு போய், பேஸ் கிட்டாருக்கும் இடம் கிடைக்கும். சொற்கள் புரியவில்லை என்றால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் சிறிதளவு ஏற்றலாம். 'ஸ', 'ஷ' காதைக் குத்தினால் மேல்பட்டையை இறக்குங்கள், அந்த ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது.

இதுவரை செய்தது சரியாக இருந்தால், எஃபெக்ட் இல்லாமலே பாடி முடித்து மேடையை விட்டு இறங்கலாம்.

ரிவெர்ப்பும் டிலேயும்

மண்டபம் தானே எதிரொலிக்கும் இடமாக இருந்தால் ரிவெர்ப் வேண்டியதில்லை. நம்மூர் மண்டபங்கள் பலவும் சிமெண்ட், டைல்ஸ், கண்ணாடி என்று கட்டியவை, எதிரொலி ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. பந்தல், மொட்டைமாடி, மைதானம் போன்ற திறந்த இடங்களில்தான் ரிவெர்ப் குரலுக்கு உடம்பு கொடுக்கும். வேகப் பாட்டுக்கு அடங்க ஒன்று ஒன்றரை வினாடி எடுக்கும் ரிவெர்ப், மெல்லிசைக்கு இரண்டு வினாடி என்று தொடங்கலாம். வீட்டில் ஹெட்ஃபோனில் பிடித்த அளவை மேடையில் பாதியாக்குங்கள்.

டிலேயைப் பாட்டின் வேகத்தோடு கட்ட வேண்டும். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிவினாடி என்பது கிடைக்கும். டெம்போ 120 என்றால் 500, 96 என்றால் 625. அதன் பாதியும் முக்காலும் பொருந்தும். வேகத்தோடு ஒட்டாத டிலே, தாளம் தவறுகிற இன்னொரு பாடகரை மேடையில் ஏற்றியதற்குச் சமம்.

ஹார்மனி

எஸ்எக்ஸ்900-ஐ விலை கொடுத்து வாங்குகிறவர்களில் பலர் வாங்குவதே இதற்காக. ஒருவர் பாடினால் மூன்று பேர் பாடுவதுபோலக் கேட்கும். அந்த மூன்று பேர் எந்தச் சுரத்தில் பாட வேண்டும் என்பதைக் கீபோர்டு எங்கிருந்து தெரிந்துகொள்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கார்டல் வகையில், இடது கையின் கார்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. ஒரு கட்டையில், அதாவது சி-யில், சி மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டு பஞ்சமத்தைப் பாடினால், துணைக்குரல்கள் அந்தக் கார்டின் காந்தாரத்திலும் சட்ஜத்திலும் போய் நிற்கும். இடது கை கார்டை மாற்றினால் துணையும் மாறும். கார்டை அரை அடி தாமதமாக மாற்றுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், தனியாக வாசிக்கும்போது அது யாருக்கும் தெரியாது. ஹார்மனி போட்டால் ஊருக்கே தெரியும், ஏனென்றால் துணைக்குரல்கள் அந்த அரை அடியும் பழைய கார்டிலேயே நின்று முரண்டு பிடிக்கும். ஹார்மனி சரியில்லை என்று மெனுவைத் துழாவுவதற்கு முன் இடது கையைக் கவனியுங்கள்.

வோக்கோடர் வகையில் கார்டைப் பார்ப்பதில்லை, நீங்கள் அழுத்தும் கட்டைகளே துணைக்குரலின் சுரங்கள். எந்தக் கை என்பதைச் செட்டிங்கில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வலது கையில் வாசிக்கும் பிஜிஎம் எல்லாம் உங்கள் குரலாகக் கிளம்பும். உழைப்பு கூட, ஆனால் துணை எங்கே நிற்க வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில்.

நம் பாட்டுக்கு இந்த இரண்டாவது வகை ஏன் முக்கியம்? கார்டல் ஹார்மனி, படிக்கட்டில் ஏறுவதுபோலச் சுரத்துக்குச் சுரம் நகரும் பாட்டை மனத்தில் வைத்துச் செய்தது. அங்கே குரல் ஒரு சுரத்தில் வந்து நிற்கும், துணையும் நிற்கும். கமகம் நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாடினால் கீபோர்டுக்கு அது ஒரு சுரமா, மூன்று சுரமா என்று தெரியாது, துணைக்குரல்கள் அங்கும் இங்கும் தாவும். கல்யாணியின் பிரதிமத்திமத்தில் சி மேஜர் கார்டோடு நின்றால் துணை பஞ்சமத்தில் நின்று அரைச்சுர இடைவெளியில் உரசும். ராகத்தை ஒட்டிய மெலடிகளில் பல்லவி முழுக்க ஹார்மனியைத் திறந்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. வரி முடிந்து நீண்டு நிற்கும் சுரம், கோரஸ் ஹம்மிங், 'லாலலா' வரும் இடம், கடைசிச் சரணத்துக்குப் பிறகு திரும்பி வரும் பல்லவியின் முதல் வரி: இங்கெல்லாம் திறங்கள், உடனே மூடுங்கள். ஆராதனைப் பாடல்களில் நீண்ட சுரங்களும் தெளிவான கார்டுகளும் இருப்பதால் கார்டல் வகை அங்கே நன்றாகவே பொருந்தும்.

சுருதி திருத்தம் என்ற வசதியும் இதோடு சேர்ந்தே வருகிறது. பாடும் சுரத்தைப் பக்கத்து அரைச்சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். கடுமையாக வைத்தால் பிருகா எல்லாம் படிக்கட்டாக வெட்டுப்படும். சில புதிய பாடல்களில் அந்த வெட்டே அழகு, அங்கே வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சாதகம் செய்வது மலிவான வழி.

துணைக்குரல்களின் அளவைப் பொறுத்தவரை, அவை இருப்பது நிறுத்தும்போதுதான் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். ஆண் குரலைப் பெண் குரலாக மாற்றும் வகைகளும் பட்டியலில் உண்டு. டூயட்டை ஒரே ஆள் பாடிச் சமாளிக்கலாம் என்று அதை நம்பி மேடையேறாதீர்கள், மண்டபம் சிரிக்கும். சிரிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாக. பேச்சொலியைப் பட்டைகளாகப் பிரித்து ஆராய அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி உருவாக்கிய வோக்கோடரின் வாரிசான சின்த் வோக்கோடரும் இப்படித்தான். ரோபோ குரல் குழந்தைகள் பிறந்தநாளில் ஒரு முறை கைதட்டு வாங்கும்.

பேசுவதற்கு ஒரு பட்டன்

பாட்டுக்கு நடுவில் "மணமக்களை வாழ்த்த மேடைக்கு வரவும்" என்று சொல்லும்போது குரலில் ரிவெர்ப் தொங்கக் கூடாது, ஹார்மனி அறவே கூடாது. டாக் பட்டன் அதற்காக இருக்கிறது. அழுத்தினால் குரல் பேச்சுக்கான செட்டிங்குக்கு மாறும். கை ஓயாமல் வேலை செய்வதால் டாக்கையும் ஹார்மனியையும் காலுக்குக் கொடுத்துவிடுங்கள்: பெடல் அமைப்பில் இரண்டுக்கும் ஆன்-ஆஃப் வசதி இருக்கிறது. வரிக்கு வரி ஹார்மனியைத் திறந்து மூடச் சொன்னேனே, காலால்தான் அது நடக்கும்.

பாட்டுக்குப் பாட்டு மாறும் அமைப்பை ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் சேமிக்கலாம். சேமிக்கும்போது வரும் பட்டியலில் மைக் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்டைலும் டோனும் மாறும், குரல் மட்டும் முந்தின பாட்டின் ஹார்மனியோடு வந்து நிற்கும். எல்லாப் பாட்டுக்கும் குரல் ஒரே மாதிரி போதும் என்பவர்கள் ஃப்ரீஸ் வசதியில் மைக்கை நிறுத்திவைத்துவிடலாம். ரெஜிஸ்ட்ரேஷன் எதை மாற்றினாலும் குரல் அசையாது.

சவுண்ட் சர்வீஸ்காரர் இருக்கும் பெரிய நிகழ்ச்சி என்றால் மைக்கை அவருடைய மிக்ஸரிலேயே போட்டுவிடுவது நல்லது. கீபோர்டு வழியாகப் போனால் குரலும் ரிதமும் கலந்த ஒரே கலவைதான் அவருக்குப் போய்ச் சேரும். குரல் அமுங்கினால் தூக்கிவிட அவரால் முடியாது. ஹார்மனி வேண்டும் என்று கீபோர்டிலேயே போட்டால், அவர் மோனோவில் எடுக்கிறாரா என்று கேளுங்கள். மோனோ என்றால் எல்/எல்+ஆர் என்று எழுதிய துளையில் மட்டும் வயரைச் செருகுங்கள், இரண்டு பக்கமும் அதிலேயே கலந்து வரும். வலது பக்கத்தை மட்டும் கொடுத்தால் இடப்பக்கம் ஒதுக்கிய துணைக்குரல் வெளியே போகாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு பாட்டை ஆடியோவாக யுஎஸ்பியில் பதிந்து கேட்டுப் பாருங்கள். மிடி பதிவில் குரல் இருக்காது, அது கட்டைகளின் அசைவை மட்டும்தான் எழுதிவைக்கிறது. பதிந்த வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி வரும், நாலு நிமிடப் பாட்டுக்கு 40 எம்பி. அதை ஹெட்ஃபோனில் ஒரு முறை, காரிலோ வீட்டு ஸ்பீக்கரிலோ ஒரு முறை கேளுங்கள். ஹெட்ஃபோனில் குரல் முன்னாலும் ஸ்பீக்கரில் பின்னாலும் இருந்தால் ரிவெர்ப்பைக் குறைத்து, மைக் வால்யூமை ஓரிரு புள்ளி ஏற்றி, அந்த நிலையை ரெஜிஸ்ட்ரேஷனில் மறுபடி சேமியுங்கள்.